டாலியாக் கிழங்கு வெட்டிய கத்தி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே தோட்டத்தைத் தவிர எல்லோரும் சுகம். உன் அக்காவும் சுகம்தான். என்னோடு பேசுவதில்லை, அவ்வளவே. அங்கே அனைவரும் சுகமாக, முக்கியமாகப் பேச்சுவார்த்தையோடு, இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் கடிதம்.

உன் அம்மா விட்டுப்போன கருஞ்சிவப்பு டாலியா இருந்ததே, வருஷாவருஷம் உன் அக்கா கிழங்கைத் தோண்டி மரத்தூளில் படுக்கவைத்துப் பெற்ற பிள்ளையாகக் காப்பாற்றினாளே, அதற்குத் துணையாக நர்சரியில் ஒரு வெளிநாட்டுக் கிழங்கு வாங்கிவந்தேன். வலைப்பை, தங்க எழுத்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூவின் படம். கிழங்கின் கழுத்தில் காலிஃபிளவர் மாதிரி ஏதோ திரண்டிருந்தது.

"என்னங்க இது, கட்டி மாதிரி?" என்றாள் உன் அக்கா.

"கட்டியா? அத்தனையும் முளைடி! நாம வாங்கினது கிழங்கு இல்ல, ஒரு தோட்டம்!" என்றேன். சொன்னதோடு நின்றேனா? கத்தியை எடுத்துப் பங்கு போட்டேன். அதே கத்தியால், துடைக்கக்கூடத் துடைக்காமல், உன் அம்மாவின் கிழங்குகளையும் பிரித்து நட்டேன். வீட்டு வேலை செய்யாதவன் என்ற கெட்ட பெயரை அன்றைக்கே ஒழித்துக்கட்டும் வேகம்.

எந்தச் செடியும் முழங்காலைத் தாண்டவில்லை. எல்லாவற்றின் அடியிலும் அதே கட்டி. ஒன்றைப் பிடுங்கி நர்சரிக்காரர் மேசைமேல் வைத்தேன். மனுஷன் நாற்காலியோடு பின்வாங்கினார்.

"சார், மொதல்ல இத வெளிய கொண்டுபோங்க! தொத்து வியாதி. கத்தியிலயே பரவும்."

"உங்க கடையில வாங்கினதுதானே?"

"பெட்டியில வந்தத அப்படியே வித்தோம். வெட்டினது நீங்கதானே?"

நியாயமான கேள்வி, அதனாலேயே கோபம் வந்தது. "மருந்து?" என்றேன்.

"நெருப்புதான் சார்."

எரித்தோம். உன் அக்கா அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கடைசிக் கிழங்கை மட்டும் மண் துடைத்துக் கொடுத்தாள். ஏதாவது ஜோக் சொல்லலாமா என்று பார்த்தேன். பிறகு அந்தக் கத்தியையும் அதே நெருப்பில் போட்டேன்.

ஆகவே மச்சான், உன் கல்யாணத்துக்கு அவள் கொடுத்த கிழங்கு வருஷம் தவறாமல் பூக்கிறதென்று படம் அனுப்புகிறாயே, அதில் ஒரு துண்டு அனுப்பு. உன் அம்மாவின் டாலியா என்று உலகத்தில் இனி அது ஒன்றுதான். புதுக் கத்தியால் வெட்டு. முளைத்த பிறகு அவளிடம் காட்டுகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்கா படித்துவிட்டாள். பேசியும் விட்டாள்: "அவனைக் கேக்காதீங்க. அம்மா கிழங்கு அவன்கிட்ட மொத வருஷமே அழுகிப்போச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு, கடையில வாங்கி நட்டுப் படம் அனுப்பறான். அம்மா பூவுக்கு நுனியில வெள்ளை ஏது?" ஆகவே ஒன்றும் அனுப்ப வேண்டாம். படத்தை மட்டும் நிறுத்திவிடாதே என்று எழுதச் சொன்னாள்.