ஒரு கப் புளி

"சார், கம்ப்யூட்டர்ல ஒரு கொள்ளுக் குழம்பு போட்டிருந்தீங்களே, அதை நேத்து ராத்திரி தாளாளர் வூட்ல வெச்சாங்க சார்."

பள்ளிக்கூட வேன் டிரைவர் பெரியண்ணன் காலையிலேயே போனில் இப்படி ஆரம்பித்ததும், குப்புராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தாளாளர் சம்சாரம் தேன்மொழி அம்மாவே நம்ம தளத்தைப் பார்த்து வெச்சாங்களா?"

"ஆமாங்க சார். களிக்குத் தொட்டுக்க. அம்மாவோட அண்ணன், பெங்களூருக்காரரு, அவருதான் ரெண்டு தரம் ஊத்திச் சாப்பிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ராத்திரி பூரா பாத்ரூம்லதான் சார் இருந்தாரு. விடியறதுக்குள்ள பெட்டியைக் கட்டிட்டாரு. மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போண்ணான்னு அம்மா கெஞ்சி நிறுத்தி வெச்சிருக்காங்க. சாயங்காலம் நான்தான் பஸ் ஸ்டாண்டுல வுடணும்."

குப்புராஜின் முதுகு மெல்ல வளைந்தது. "தாளாளர் என்ன சொன்னார்?"

"உங்களைச் சாயங்காலம் ரூமுக்கு வரச் சொன்னாருங்க."

"கோபமா இருக்காரா?"

"தெரியலீங்க சார். துண்டை வாயில பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாரு. தோளு மட்டும் குலுங்குது."

ஒரு பெரிய மனிதரைத் தோள் குலுங்க அழ வைத்துவிட்டோமே என்று குப்புராஜுக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் குழம்பைச் சாப்பிடாமலேயே.

தருமபுரியில் தாளாளர் தீர்த்தகிரி நடத்தும் பள்ளியில் குப்புராஜ் அலுவலகக் கண்காணிப்பாளர். மேலாளர் பதவி காலியாக இருந்தது. அந்த நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு. தலைக்கு மேலே தனியாக ஒரு மின்விசிறி உண்டு. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் தாளாளருக்குப் பிடிக்காமல் போனவர்களுக்கென்று கம்பைநல்லூரில் ஒரு கிளைப் பள்ளி இருந்தது. அங்கே கண்காணிப்பாளரே மணியும் அடிக்க வேண்டும்.

அலுவலகத்தில் கண்காணிப்பது போக மீதி நேரத்தில் குப்புராஜ் பண்பாட்டைக் காத்து வந்தார். 'அதியமான் அடுக்களை' என்பது அவருடைய இணையதளத்தின் பெயர். 'தகடூர் நாட்டு உணவு மரபின் இணைய அரண்' என்று கீழே ஒரு வரி. எந்தச் செய்முறையைத் திறந்தாலும் முதலில் மலை வரும், பிறகு மன்னர் வருவார், அதன் பிறகு தினையின் தத்துவம் வரும். கட்டைவிரல் தேயத் தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் கடுகு தாளிப்பார்கள். பள்ளி ஆசிரியர்கள் அத்தனை பேரும் இந்தத் தளத்தின் சந்தாதாரர்கள். வருகைப் பதிவேடு குப்புராஜிடம் இருந்ததால், யாரும் மறுக்கவில்லை.

இந்த அரணின் காவலர் இதுவரை அடுப்பு பற்ற வைத்ததில்லை. மனைவி அம்பிகா சமைப்பார். இவர் கூடத்திலிருந்து கேள்வி கேட்டுத் தட்டச்சு செய்வார். குழம்பு வெந்ததும் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்.

இப்போது பதறிப்போய்த் தளத்தைத் திறந்தார். 'புளி – 1 கப்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அம்பிகா! கொள்ளுக் குழம்புக்குப் புளி எவ்வளவுன்னு சொன்னே?"

"எலுமிச்சம்பழ அளவுன்னு சொன்னேன். சின்னப் பழம்."

நடந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அளவுக்கான கட்டத்தில் 'எலுமிச்சம்பழம்' என்றுதான் அவர் முதலில் அடித்தார். 'எண்களை மட்டும் இடவும்' என்று தளம் சிவப்பாகக் கண்டித்தது. சரி, 1 என்று போட்டார். பக்கத்துக் கட்டத்தில் கிலோ, லிட்டர், கப், ஸ்பூன் என்று நான்குதான் இருந்தன. பழத்தைக் கப்பில் வைக்கலாம் என்ற தர்க்கத்தில் கப்பைத் தேர்ந்தெடுத்தார். 'உப்பு – தேவையான அளவு' என்றதையும் தளம் ஏற்கவில்லை. தன் சொந்தப் பொறுப்பில் ஐந்து ஸ்பூன் போட்டிருந்தார்.

"நான் கொஞ்சமா கிள்ளிப் போடற பெருங்காயத்தைக்கூட கப்புல போட்டிருக்கீங்களே!" என்று அம்பிகா எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இதைச் சாப்பிட்டவரு பெட்டியைக் கட்டினதோட விட்டாரே, அதுவே புண்ணியம்."

குப்புராஜ் அவசரமாகக் கப்பை ஸ்பூனாக்கினார். சத்தமில்லாமல் முடிந்தது என்று மூச்சு விட்டார்.

முடியவில்லை. திருத்தினால் சந்தாதாரர் அனைவருக்கும் செய்தி போகும்படி தளத்தை அமைக்கச் சொன்னவர் அவரேதான். 'புளி 1 கப் என்பது 1 ஸ்பூன் எனத் திருத்தப்பட்டது' என்று எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் மணி அடித்தது.

முதல் கருத்து அறிவியல் ஆசிரியை பிளசியிடமிருந்து வந்தது: "சார், ஞாயித்துக்கிழமையே திருத்தியிருந்தா எங்க மாமியார் இப்ப எங்கூடப் பேசிட்டு இருப்பாங்க."

அதன் கீழே ஆறுதல் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. குப்புராஜ் தளத்தை வடிவமைத்த இனிகோவுக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தச் செய்தியைத் திரும்ப வாங்க முடியுமா?"

"போனது போனதுதாங்க சார்."

"அப்ப, வெளியாள் யாரோ உள்ளே புகுந்து புளியை ஏத்திட்டாங்கன்னு போட்டுடறேன்."

"வேணாங்க சார்…"

போட்டுவிட்டார். 'மரபின் பகைவர் சிலர் நம் தளத்தின் கடவுச்சொல்லைத் திருடிப் புளியைப் பெருக்கியுள்ளனர்' என்று கம்பீரமான தமிழில் ஓர் அறிக்கை.

அவர் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆசிரியர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். கணக்கு ஆசிரியர் குமார் முன்னால் வந்தார்.

"சார், எங்க சம்பளக் கம்ப்யூட்டருக்கும் நீங்க இதே பாஸ்வேர்டுதானே வெச்சிருக்கீங்க?"

"அது வந்து…"

"புளியை ஏத்தினவன் சம்பளத்தை இறக்கியிருந்தா?"

முதல் இரண்டு பாடவேளைகள் நடக்கவில்லை. அத்தனை பேரும் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் திருடவில்லை என்று குப்புராஜ் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி நேர்மைதான் ஒரே வழி என்று அவருக்குப் பட்டது. வேறு வழி மிச்சமில்லாதபோது அவருக்கு அப்படித்தான் படும். அம்பிகாவுக்குப் போன் செய்து கெஞ்சினார்.

"ஒவ்வொரு பொருளையும் ஸ்பூன்ல அளந்து சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"என் பேரையும் போடுவீங்களா?"

"போடறேன்."

"மலை, மன்னரு எல்லாம் வேணாம். நேரா குழம்புக்கு வரணும்."

"வரேன்."

அவருடைய இணைய வாழ்க்கையில் முதல் முறையாக, திறந்த உடனே கொள்ளு தெரிந்தது. தேன்மொழி அம்மாவுக்கும் அதை அனுப்பினார். 'அம்மா, பிழை முழுவதும் என்னுடையது. தங்கள் கைமணத்தில் ஒரு குறையும் இல்லை. இதன்படி ஒருமுறை வைத்துப் பாருங்கள்.'

தன் கையைப் பழித்துவிட்டு அண்ணன் ஊருக்குப் போகிறாரே என்று பொருமிக்கொண்டிருந்த தேன்மொழி அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. மத்தியானமே பதில் வந்தது: 'ரொம்ப நல்லா வந்துச்சுங்க! அண்ணன் வழிச்சுச் சாப்பிட்டாங்க!'

குப்புராஜ் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு தாளாளர் அறைக்குள் நுழைந்தார். கைப்பிடி வைத்த நாற்காலி கண் முன்னே சுழன்றது.

தீர்த்தகிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு தட்டச்சுத் தாள் நடுவே கிழிந்து கிடந்தது. 'அலுவலக மேலாளராக' என்ற சொல் ஒரு பாதியில் தெரிந்தது.

"அய்யா, குழம்பைச் சரி பண்ணிட்டேனுங்க."

"யாருங்க உங்களைச் சரி பண்ணச் சொன்னது?"

"தப்பா இருந்துச்சுங்களே அய்யா…"

"ஊர்ல எத்தனையோ தப்பு கெடக்கு. அதையெல்லாம் வுட்டுட்டு இதைத்தானா திருத்துவீங்க?" தாளாளர் கிழிந்த தாளை ஓரமாகத் தள்ளினார். "பத்துப் பேரு சேர்ந்து செய்ய முடியாத காரியத்தை ஒரே குழம்புல செஞ்ச மனுசன் நீங்க. நீங்களே கெடுத்துட்டீங்களே!"

"அய்யா, ஒண்ணும் புரியலீங்க."

"திங்கக்கிழமை கம்பைநல்லூர் போங்க. அங்க புரியும்."

குப்புராஜ் வெளியே வந்தார். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியண்ணன் துணியை உதறினார்.

"என்னங்க சார், மூஞ்சி இப்படிப் போயிடுச்சு?"

"நீ ஏன் இன்னும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகல?"

"யாரைக் கூட்டிக்கிட்டுப் போறதுங்க? மாம்பழ சீசன்ல நாலு நாளுக்குன்னு வந்தவரு, அவரைக்காய் சீசன் வந்தும் கெளம்பலியேன்னு தாளாளர் வேண்டாத சாமியில்லைங்க. காலைல உங்க பழைய குழம்பால பெட்டியைக் கட்டினாரு. மத்தியானம் புதுக் குழம்பைச் சாப்பிட்டுட்டு, கட்டின பெட்டியைப் பிரிச்சு, பொண்டாட்டி புள்ளைங்களையும் பொறப்பட்டு வரச் சொல்லிட்டாருங்க சார்!"