ஏழாம் பக்கத்தில் கிரீடம் வைத்திருப்பது நான்தான்

நகராட்சி உறுப்பினரும், அதற்கு இருபத்தாறு வருஷம் முன்பே எனக்கு மைத்துனருமாகிவிட்ட தங்களுக்கு, கடற்கரைச் சாலை நாலு மேசைச் சாப்பாட்டுக் கடையின் உரிமையாளர் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். மூன்றாவது மேசையின் கால் மட்டும் நலமில்லை. அங்கு தாங்களும், தங்கள் இல்லத்தாரும், தங்கள் பதவியும் நலம் என நம்புகிறேன்.

நாற்பது ஊர்களில் கிளை வைத்திருக்கும் அந்த உணவகக் கம்பெனிக்கு நம் கடற்கரையில் இடம் கொடுப்பதா வேண்டாமா என்று வியாழக்கிழமை நீங்கள் ஓட்டுப் போடப்போவதாக அறிந்தேன். கம்பெனி கொடுத்த கோப்பின் ஏழாம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. தலையில் காகிதக் கிரீடமும் கையில் பலூனுமாக நிற்பவன் நான்தான். கீழே 'உள்ளூர் வியாபாரிகளின் உற்சாக வரவேற்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை, அது வரவேற்பு இல்லை, எதிர்ப்புக் கூட்டம். நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. தாங்கள், தங்கள் எல்லாம் முதல் பத்தியோடு தீர்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

பத்து வருஷம் இந்த ஊரில் ஈ ஓட்டினோம். இப்போதுதான் படகுத்துறைக்குப் பெயின்ட் அடித்து, பூட்டிக் கிடந்த விடுதியைத் திறந்த பிறகு, வெளியூர்க்காரர்கள் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஈ ஓட்ட நாங்கள், ஆள் வந்ததும் கல்லாவில் உட்கார அவர்களா என்று வயிறு எரிந்து எதிர்ப்புக் குழு ஆரம்பித்தோம். நான் தலைவர். படகு வாடகைக்கு விடும் நங்கூரம் செயலாளர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். குறிப்பெழுத உன் அக்கா. மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேர் சேர்ந்து உட்கார இந்த ஊரில் இடமில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. என் கடையில் மூன்றாவது மேசை சாய்ந்து எல்லார் மடியிலும் சூப் கொட்டியது. முடிதிருத்தும் கடையில் கூடினால் இரண்டே நாற்காலி, இரண்டும் சுழலும். நான் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தபோதே யாரோ இடித்து, மீதியைக் கண்ணாடியில் என்னையே பார்த்துத் திட்டி முடித்தேன். நங்கூரத்தின் படகில் கூடினோம், தீர்மானம் காற்றில் போய்விட்டது.

அப்போதுதான் நங்கூரம் சொன்னார்: "அண்ணே, எதிரி எப்படி இருக்கான்னு பாக்காம எப்படிச் சண்ட போடுறது? பக்கத்து ஊர்ல அவங்க கிளை இருக்கு. அங்கயே கூடுவோம். உக்காரவும் இடம் கெடைக்கும், வேவு பாத்த மாதிரியும் இருக்கும்."

எங்கள் குழு ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான்.

மேசைக்குச் சொல்லிவைக்க நங்கூரம் போன் செய்தார். அந்தப் பக்கம் ஒரு பெண், "என்ன விசேஷம் சார்?" என்று கேட்டிருக்கிறாள். உங்களை ஒழிக்கத்தான் என்று சொல்ல முடியுமா? மனுஷன் திணறி, "கல்யாண நாள்" என்றிருக்கிறார். "யாருக்கு சார்?" "தலைவருக்கு."

செவ்வாய்க்கிழமை, என் கடை விடுமுறையன்று போனோம். கதவைத் திறந்ததும் ஆரஞ்சுத் தொப்பி போட்ட பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று கை தட்டினார்கள். எனக்கும் உன் அக்காவுக்கும் கிரீடம் வைத்து, கையில் பலூன் கொடுத்தார்கள். குழுவினர் கோரிக்கை அட்டைகளை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு அவர்களும் கை தட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி நியாயமாகச் சொல்கிறேன். எல்லா மீன் துண்டும் ஒரே அளவு, ஒரே ருசி. நங்கூரம் மூன்று தட்டு சாப்பிட்டது ஆய்வுக்காக. கடைசியில் எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்து, கருத்துச் சொல்ல ஒரு தாள் நீட்டினார்கள். அதில் மூன்று முகம்தான் இருந்தது: சிரிக்கிற முகம், நன்றாகச் சிரிக்கிற முகம், விழுந்து விழுந்து சிரிக்கிற முகம். என் எதிர்ப்பைக் காட்ட, இருப்பதிலேயே குறைவாகச் சிரித்த முகத்துக்கு டிக் போட்டேன். கிரீடம் கண்ணை மறைத்ததால், படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்ற வரியைப் படிக்காமலே கையெழுத்தும் போட்டேன்.

நாற்பது ஊரிலும் ஒரே உப்பு போடுகிறவனிடம் என்ன உறவு இருக்கும்? நானும் உன் அக்காவும் சண்டை போட்ட நாளை என் வாடிக்கையாளர்கள் சூப்பில் ஒரு கரண்டி குடித்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. இந்தக் கடை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. ஏழாம் பக்கத்தைக் கிழித்துப் போடு. எதிர்த்து ஓட்டுப் போடு.

உன் வீட்டுக் குழாயில் எப்போதும் தண்ணீர் வரட்டும், பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் கரையேறட்டும், அடுத்த தேர்தலிலும் நீயே ஜெயிக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்காவின் கணவன்.

பின்குறிப்பு: உறை ஒட்டச் சொல்லி உன் அக்காவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதினீங்க, நான் என்ன பண்ணேன்னு எழுதலையே" என்றாள். அன்றைக்கு அவள் ஒரு வரி குறிப்புகூட எழுதவில்லை. முன்னால் தட்டு வந்ததும், கொண்டுவந்த பெண் போகும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சூடாகவே சாப்பிட்டு முடித்தாள். நாலு மேசை வைத்திருக்கிறேன், இத்தனை வருஷத்தில் ஒன்றில்கூட அவள் உட்கார்ந்து நான் பரிமாறியதில்லை. அந்தப் படத்தில் என்னை விட்டுவிட்டு அவள் சிரிப்பைப் பார். ஆகவே, ஆதரித்தே ஓட்டுப் போடு. மற்ற ஆறு நாளும் அவர்களோடு மல்லுக்கு நின்று பார்க்கிறோம். ஒரே நிபந்தனை, செவ்வாய்க்கிழமை அவர்கள் கடை திறந்திருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு பேருக்கு ஜன்னலோர மேசை போதும். இன்னொன்று: எங்கள் உண்மையான கல்யாண நாள் எந்தத் தேதி என்று உனக்கு நினைவிருந்தால் ரகசியமாக எழுது. அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.