நெஞ்சுவலிச் சாமியும் களியுருண்டையும்

1979-ல் மல்லசமுத்திரம் வட்டாரத்தில் மாரடைப்புக்கே மாரடைப்பு வந்துவிட்டதாகப் பேச்சு. காரணம், ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் உச்சியில் பூசைக் குடிசை போட்டிருந்த நெஞ்சுவலிச் சாமி. அவர் திருநீறு பூசினால் இதயம் இரும்பாகுமாம், சளி காய்ச்சல் அண்டாதாம். பக்தர்கள் தினமும் விடியலில் கரடேறி வர வேண்டும். சாமி மட்டும் அடிவாரத்து வீட்டிலிருந்து பல்லக்கில் வருவார். ஆண்டவன் அவதாரத்துக்குக் கால் வலிக்கக் கூடாதல்லவா?

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆஸ்பத்திரி மாத்திரைகளை உண்டியலில் போட்டுவிட வேண்டும். மருந்தும் மந்திரமும் ஒரே உறையில் இரண்டு கத்தியாம்.

போன வருடம் நெஞ்சடைத்து விழுந்து பிழைத்த கந்தப்பனும் போட்டார். "மாத்திரை சாப்பிடுங்க, தினமும் நடங்க" என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டபோது வாசலைத் தாண்டாத மனிதர், சாமி சொன்னதும் கரடேறினார். மெல்ல மூச்சிரைப்பு குறைந்தது. மழைக்காலத்திலும் ஒரு தும்மல் இல்லை.

"பாத்தியா புள்ள, எல்லாம் துண்ணூறு," என்றார் மனைவி சௌந்திரத்திடம்.

சௌந்திரம் அவர் தட்டில் களியுருண்டையை வைத்தாள். ஆனால் அதே திருநீறு பூசிய பக்கத்து வீட்டுப் பச்சமுத்து, மாத்திரையை நிறுத்தியதால் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடினார். அவருக்கு நம்பிக்கை போதாது என்றார் சாமி. அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் பல்லக்கின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னைக்கு எங்ககூட நடந்து வாங்க சாமி. உங்க காலடி மண்ணை ஊட்டுல வெச்சுக் கும்பிடறோமுங்க."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமியால் மறுக்க முடியவில்லை.

பாதிக் கரட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்தார். பக்தர்கள் பதறிப்போய், அவருடைய திருநீற்றையே அவர் மார்பில் அள்ளி அள்ளிப் பூசினார்கள்.

"சாம்பலைத் தட்டி உடுங்கடா," என்று முனகினார் சாமி. "நாக்குக்கடியில வெக்கிற மாத்திரை யாருகிட்டயாச்சும் இருக்குதா?"

"எல்லாத்தையும் உண்டியல்ல போட்டுட்டமுங்களே," என்றார்கள் அந்த அப்பாவிகள்.

சௌந்திரம் முந்தி முடிச்சை அவிழ்த்து அதே மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள். சாமிக்கு மூச்சு வந்தது. மானம் திரும்பி வரவில்லை.

கந்தப்பன் திருதிருவென விழித்தார். "உங்கிட்ட ஏது புள்ள மாத்திரை?"

"டாக்டர்கிட்ட மறுபடி வாங்கியாந்தனுங்க. இது ஆபத்துக்குன்னு முடிஞ்சு வெச்சது. தினமும் முழுங்கறதைக் களியுருண்டைக்குள்ள வெச்சுத்தான் போட்டேன். நீங்க களியை மென்னா திங்கறீங்க? அப்படியே முழுங்கறீங்க. உங்களைத் தேத்துனது மாத்திரையும் நடையுந்தானுங்க. நடந்து நடந்து ஒடம்பு தெம்பாச்சு, சளியும் அண்டலைன்னு டாக்டரே சொன்னாரு."

பல்லக்கு சாமியோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது.

டாக்டர் சொன்னால் காதில் ஏறாத நடை, சாமியார் சொன்னால் காலில் ஏறிவிடுகிறது. போகட்டும். அடுத்த சாமியார் வராமலா இருப்பார்? அவரையும் முதலில் கரடேறச் சொல்லுங்கள். கும்பிடுவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.