உங்கள் மருமகள் படிவத்தை அழகாக்கிய விதம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்குத் தனிக் கடிதம் எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் மருமகளைப் பற்றியது. (நல்லது செய்தால் என் மகள், மற்ற நாள்களில் உங்கள் மருமகள் என்பது இந்த வீட்டு வழக்கம்.) வடிவமைப்புப் படித்து ஐந்து வருடம் மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை வரைந்தாள். சரி, கையில் ஒரு தொழில் என்று இருந்தேன். பிறகு டிஜிட்டல் உரிமைக்கான அமைப்பு ஒன்றில் சேர்ந்தாள். "அப்படின்னா என்னம்மா வேலை?" என்றேன். "நம்ம போன் நம்மளப் பத்தி யார் யார்கிட்ட கோள் சொல்லுதுன்னு கண்டுபிடிச்சு, தட்டிக் கேக்கிறதுப்பா" என்றாள். இதற்குச் சம்பளமா என்று நான் வியந்து முடிப்பதற்குள், முப்பத்து நாலு வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், பாதி பதிலிலேயே லிஃப்ட் வந்துவிடுகிறது.

இதற்கிடையில், நான் செயலாளராக இருக்கும் எங்கள் அடுக்குமாடிச் சங்கம், வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரம் வைக்க முடிவு செய்தது. யோசனை என்னுடையது. கம்பெனி நான்கு பக்க ஒப்புதல் படிவம் அனுப்பியது. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. முதல் ஆளாக நான் கையெழுத்தும் போட்டு, முகத்தையும் காட்டிவிட்டேன். மற்றவர்களுக்காக, "இதைக் கொஞ்சம் லட்சணமா ஆக்கிக் குடும்மா" என்று அவளிடம் நீட்டினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

ஒரே பக்கமாக ஆக்கிக் கொடுத்தாள். அழகாக இருந்ததால் படிக்காமலே நாற்பது பிரதி எடுத்தேன். கூட்டத்தில் எல்லோரும் படித்தார்கள்: "உங்கள் முகம் ஏழு ஆண்டுகள் எங்களிடம் இருக்கும். யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்போம். உங்களைக் கேட்க மாட்டோம்." ஒருவர்கூடப் பேனாவைத் திறக்கவில்லை.

"இதெல்லாம் நீயா எழுதினதாம்மா?" என்று, கூட்டத்துக்கு வந்திருந்த அவளிடம் கேட்டார் சங்கத் தலைவர்.

"இல்ல மாமா, அவங்க எழுதினதுதான். மூணாம் பக்கம், அடியில இருக்கு. நான் சுருக்கி, எழுத்தைப் பெருசாக்கினேன், அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அப்பா, நீங்க படிச்சிட்டுத்தானே போட்டீங்க?"

முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் ஒரு காற்புள்ளிக்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பியவன் நான். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

வீட்டில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், என் முகத்தை அழித்துவிடவும் என்று கம்பெனிக்கு என் பெயரில் ஒரு கடிதம் தயார் செய்து வைத்தாள். "இதையாவது படிச்சிட்டுப் போடுங்கப்பா." மூன்று முறை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. பத்தாம் நாள், அழித்துவிட்டதாகப் பதில் வந்தது.

ஆகவே, தாய்மாமன் என்ற முறையில் 'ஒரு ஆளுக்கு ஒரு வேலை போதும்' என்று நீங்கள்தான் அவளிடம் கண்டித்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லலாம்தான், இப்போதைக்கு என் வாய்ச்சொல் இங்கே செல்லுபடியாகவில்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம். சிறியவர்களுக்கு ஆசிகள், கையெழுத்துப் போடுமுன் படிக்கும் புத்தியும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: அவளைக் கண்டிக்கச் சொன்னேனே, அது வேண்டாம். இன்று பக்கத்துக் குடியிருப்பின் செயலாளர் கம்பெனியின் அதே நான்கு பக்கப் படிவத்தோடு வந்து, "உங்க பொண்ணு வக்கீலா, டிசைனரா, இல்ல அந்த உரிமை ஆபீஸா?" என்று கேட்டார். ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டுக்கும் குறைவாகிவிடுமே என்று தோன்றியது. "மூணும்தான். இந்த வாரம் அவளுக்குப் பரீட்சை, அடுத்த வாரம் வாங்க" என்றேன்.