புளி மூட்டை மேல் உட்கார்ந்த கூண்டுக்காரர்

பாலக்கோட்டில் சாமிக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள், போலீசுக்குப் பயப்படாதவர்களும் இருந்தார்கள். கூண்டுக்காரருக்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், எங்கள் ஊரில் இருந்த சின்ன பாங்கியில், கம்பிக் கூண்டுக்குள் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாகக் காசு வாங்கிப் போடுகிறவர் அவர். சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு மூன்று புளிக் கிடங்கு வைத்திருக்கிறேன். மீசை முளைக்காத வயதிலேயே பாங்கியில் கணக்கு வைத்திருந்த பையன் ஊரிலே நான் ஒருவன்தான். கைநாட்டு வைத்த கார்டியன் என் ஆத்தா.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் மைனர். மைனருக்கு அந்தப் பாங்கியில் இரண்டு சட்டம். கணக்கில் இருப்பதற்கு மேல் ஓவர்டிராப்ட் தரமாட்டார்கள். இருப்புக் குறைந்தால் பெரியவர்களுக்குப் போடுகிற கட்டணத்தையும் போடமாட்டார்கள். இந்த இரண்டையும் கூண்டுக்காரர் வேதம் போலச் சொல்வார். சாவு வீட்டில் துக்கம் கேட்கப் போன இடத்திலும் வாரிசுப் பையனைப் பார்த்து, "உனக்கு என்ன வயசு?" என்று கேட்டவர்.

ஒரு மாதம் என் கணக்கில் நாலணா கட்டணம் பிடித்துவிட்டார்கள். ஆத்தா என்னை இழுத்துக்கொண்டு போய்க் கூண்டின் முன்னால் நிறுத்தினாள்.

"பையனுக்குப் பதினஞ்சுதானுங்க சாமி."

நாலணா திரும்பி வந்தது. அடுத்த மாதம் எனக்கு யோகம் அடித்தது. மாரண்டஹள்ளிப் புளிக்காரர் ஒருவர் சந்தையில் வண்டி நிறையப் புளியோடு நின்றார். விலை கொள்ளை மலிவு. எனக்குப் பதினைந்து ரூபாய் குறைந்தது. சேலத்து ஆள் ஒருவன் பையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றான். பொழுது சாய்வதற்குள் முழுப் பணமும் வராவிட்டால் சரக்கு அவனுக்கு. என் முதல் பெரிய வியாபாரம் அது. மறுபடியும் ஆத்தாவோடு ஓடினேன்.

"பையனுக்குப் பத்தொம்போது முடிஞ்சுதுங்க. ஓவர்டிராப்ட் குடுங்க சாமி."

கூண்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, போன மாசம் பதினஞ்சு. ஒரே மாசத்துல நாலு வயசு ஏறிடுச்சா? வூட்டுல அப்படி என்னதான் போடுறீங்க?"

"ராயிக் களிதானுங்க."

கம்பி இடுக்கு வழியாக என்னைக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, சந்தையில் மாட்டுக்குப் பார்ப்பது போலப் பல்லைப் பார்த்தார்.

"மைனர். அந்த முருகனே வந்து நின்னாலும் மைனருக்கு ஓவர்டிராப்ட் கிடையாது."

நான் அழுதேன். பொய் சொல்வானேன், தேம்பித் தேம்பி அழுதேன். அப்போது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பட்டப்பகலில் கூண்டுக்காரர் கல்லாவைப் பூட்டிச் சாவியை மானேஜர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். அவருக்குக் கால் இருப்பதையே ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. நேராகச் சந்தைக்கு நடந்தவர், ஒரு புளி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இருக்கிற பணத்த வாங்கிக்குங்க. பையன் பாதிச் சரக்க வித்து மீதியக் கொண்டாருவான். அதுவரைக்கும் நான் ஈடு."

புளிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஏன் சாமி, உங்கள வெச்சிக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நெழல்ல வெய்யுங்க."

நான் அன்றைக்கு விற்றது போல இந்த ஜில்லாவில் எவனும் புளி விற்றதில்லை. ஓட்டல் ஓட்டலாக, வீடு வீடாகக் கூவினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பணத்தோடு திரும்பினால், பாங்கி மனுஷர் அதே மூட்டை மேல் அதே கோட்டோடு இருக்கிறார். கோட்டு முதுகெல்லாம் எறும்பு. மோந்து பார்க்க வந்த ஆட்டை அதட்டிக்கொண்டே, ஆத்தா கொண்டுவந்த களியை உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தார். சேலத்து ஆள் எப்போதோ போய்விட்டான்.

மறுநாள் மானேஜர் குதி குதியென்று குதித்து, அவருக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார். லாபத்திலிருந்து அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டுக்குள் நீட்டினேன். தொடவேயில்லை.

"மைனர்கிட்ட எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. தள்ளி நில்லு, பின்னால ஆள் நிக்குது."

எனக்குப் பதினெட்டு முடிவதற்குள் அவரைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றிவிட்டார்கள். முடிந்த வாரமே அந்தச் சம்பளப் பணத்தோடும் ஒரு கூடைப் புளியோடும் பஸ் ஏறினேன். புளியை வாங்கி உள்ளே அனுப்பினார். பணத்தைப் பார்த்து, "இதுக்கு எந்தத் தலைப்புல ரசீது எழுதறது?" என்று சிடுசிடுத்துத் திருப்பிவிட்டார்.

கிருஷ்ணகிரியில் எனக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் என்றைக்கும் இருந்ததில்லை. அவர் இருந்த மட்டும், மாதம் ஒரு தடவையாவது போய் வந்துகொண்டிருந்தேன்.