ஒரு போர், இரண்டு வெற்றி

“எங்க ராஜா தலை நாலு விரல் கீழ இருக்கு, மேனேஜர்.”

ஏணி மேல் நின்றிருந்த மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் படச்சட்டத்தின் மேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. உறவினர் வீட்டுக்குப் போனாலும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர்.

“ரெண்டு சட்டமும் ஒரே உயரம்தான் சார்.”

“சட்டத்தை யார் கேட்டா? தலையைப் பாருங்க” என்றார் கீழே நின்ற சால்வைக்காரர்.

பார்த்தார். உண்மைதான். பக்கத்துப் படத்து ராஜாவின் குதிரை முன்னங்காலைத் தூக்கியிருந்தது. அதனால் ராஜாவும் உயர்ந்துவிட்டார்.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டின் பொது வரலாற்றைச் சொல்லும் ஓவியக் கண்காட்சி அது. என்றைக்கோ இரண்டும் மோதிக்கொண்ட ஒரு போரை ஆளுக்கொரு படமாக அனுப்பியிருந்தார்கள். ஒரே மைதானம், ஒரே மலை, ஒரே மாலை வெயில். அனுப்பிய நாடு எதுவோ, அதுவே ஜெயித்திருந்தது. ஒரு நாட்டுத் தூதரகத்திலிருந்து சால்வைக்காரரும் இன்னொன்றிலிருந்து தொப்பிக்காரரும் மேற்பார்வைக்கு வந்திருந்தார்கள்.

ரசமட்டத்துக்கு மேனேஜர் பதவி வந்தது போன மாதம்தான். அதற்கு முன் பல வருடம் தரைக்கடியில், கிடங்கில், டியூப்லைட்டே சூரியனாக இருந்தவர். இப்போது ஜன்னல் வைத்த அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். ஆனால் டைரக்டர் முன்பே சொல்லிவிட்டார்: “ரெண்டு தூதரகத்துல எதுலேருந்து புகார் வந்தாலும் மறுபடி கிடங்குதான்.”

ரசமட்டம் சால்வைக்காரரின் படத்தை நாலு விரல் ஏற்றினார். சாப்பிட்டுவிட்டு வந்த தொப்பிக்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

“எங்க படத்தை ஏன் இறக்கினீங்க?”

“இறக்கல சார். அவங்க படத்தைத்தான் ஏத்தினேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

பக்கத்தில் இருப்பதால்தானே வம்பு என்று எதிரெதிர்ச் சுவரில் மாட்டினார். சால்வைக்காரர் அலறினார்.

“அந்தப் படத்து பீரங்கி நேரா எங்க ராஜா நெஞ்சைக் குறி பாக்குதே! வாசல் பக்கம் திருப்புங்க.”

“வாசல்லதான் சார் விருந்தாளிங்க வருவாங்க.”

தனித்தனி அறையில் வைத்தார். இரு நாடும் முறைத்துக்கொண்டே சம்மதித்தன. இப்போது டைரக்டர் வந்தார்.

“பொது வரலாறுன்னு பேனர் அடிச்சிருக்கேன். நீங்க தனிக்குடித்தனம் வெச்சிருக்கீங்க?”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இவருக்கு மூன்றாவது பக்கமும் ஒன்று முளைத்துவிட்டது.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். ஒருமுறை அலுவலகம் வந்து அந்த மரத்தைப் பார்த்ததிலிருந்து சொந்தபந்தம் எல்லோரிடமும் ஜன்னலைப் பற்றித்தான் பேச்சு.

“எங்கண்ணன் துணிக்கடையில பொம்மை நிக்கிற சுத்துமேடை இருக்குல்ல? அதுல ரெண்டு படத்தையும் முதுகோட முதுகு சேத்து நிறுத்துங்க. சுத்தச் சுத்த ஆளுக்குப் பாதி நேரம்.”

கட்டியவளின் மூளையை நினைத்து ரசமட்டத்துக்குப் பெருமையாகவே இருந்தது. சுற்றுமேடை வந்தது. அதிசயம்! இரு அதிகாரிகளும் தலையாட்டினார்கள்.

திறப்பு விழா. விருந்தினர், கேமரா, பூங்கொத்து. பொத்தானை அழுத்தியதும் ராஜாக்கள் மாறி மாறி வந்து காட்சி தந்தார்கள். தொப்பிக்காரர் மெல்ல அருகில் வந்தார்.

“அவங்க படம் வரும்போது மெதுவா சுத்துதே?”

ரசமட்டம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

“இப்போ எங்க படம் ஓடிப்போகுது. ஏன், துரத்துறீங்களா?” என்றார் மறுபக்கம் வந்த சால்வைக்காரர்.

இன்னும் கொஞ்சம் திருகினார். திருகு கையோடு வந்துவிட்டது.

மேடை பேய் வேகத்தில் சுழன்றது. படம் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒரே குதிரை, ஏழெட்டுக் கால்கள், மேலே இரண்டு ராஜாக்கள். ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிப் பிடித்தபடி, சந்தைக்குப் போகிற அண்ணன் தம்பி போல. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

“அவமானம்!” என்று இரண்டு அதிகாரிகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மறுநாள் காலையில் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். மனைவி சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள்.

“கிடங்குன்னா என்னங்க இப்போ? அங்க வெயில் படாது. நீங்க இருக்கிற இடம் எனக்குப் போதும்.”

ரசமட்டம் டப்பாவை வாங்கிக்கொண்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று அறைச் சாவியைக் கையிலெடுத்துக்கொண்டு போனார். அலுவலகத்துக்குள் நுழையும்போது அந்த மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

டைரக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு அதிகாரிகளின் குரலும் கேட்டது. வெளியே ஸ்டூலில் பியூன்.

“ரெண்டு பேரும் வந்தாச்சா?”

“ஒரே கார்ல வந்தாங்க சார்.”

“ரெண்டு புகாரும் குடுத்தாச்சா?” சாவியை நீட்டியபடி கேட்டார் ரசமட்டம்.

பியூன் சாவியை வாங்கவில்லை. எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டான்.

“ஒண்ணுதான் சார், சேர்ந்தே எழுதிட்டாங்க. சரித்திரத்துலயே ரெண்டு நாடும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மொத காகிதம் அதுதானாம், சட்டம் போட்டு ஹால் நடுவுல வைக்கப் போறாங்க. அதைக் கோணாம மாட்ட உங்களை விட்டா ஆள் இல்லைன்னு ரெண்டு பேருமே ஒத்தக்கால்ல நிக்கிறாங்க!”