மொதல் தப்பும் சந்தாபுரா பஸ்ஸும்

பெங்களூரே பற்றி எரிந்தாலும் தண்ணீர் எடுக்க ஓடாமல், எந்தத் தீக்குச்சியில் ஆரம்பித்தது என்று விசாரிக்கக்கூடியவர் ஒருவர் உண்டு. அடுகோடி ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரர். அவருடைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அவர் ‘மொதல் தப்பு’.

எதற்கும் அவருக்கு அந்த ஒரே கேள்விதான். காபி கசந்தால், "மொதல் தப்பு எது? பாலா, டிகாஷனா?" மேனேஜர் கத்தினால், "காலைல வீட்ல என்ன ஆச்சு சார்?" என்று அவரிடமே கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் எந்த மீட்டிங்குக்கும் கூப்பிடப்படாமல் நிம்மதியாக இருந்தார். ஆனால் மாலையில் வீட்டுக்குப் போகும் சந்தாபுரா பஸ் வரும் நேரமானால் பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவார். மீதி வாக்கியம் மறுநாள் காலையில் வரும்.

ஆபீஸ் வேலை போக, லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். மல்லேஸ்வரம் விஜயா டீச்சருக்குப் பார்வை கிடையாது. மாணவர்கள் அனுப்பும் கட்டுரைகளை அவருக்குப் படித்துச் சொல்வது அதுதான். லினக்ஸின் புதிய பதிப்புக்காக லினக்ஸ்காரர்களின் சர்வரில் அந்த மென்பொருள் பேக்கேஜை மறுபடி கட்டப் போனால், பில்டு என்கிற அந்தக் கட்டும் வேலை பாதியிலேயே உடைந்துகொண்டே இருந்தது. அன்று மாலைக்குள் சரியாகாவிட்டால் புதிய பதிப்பில் அதற்கு இடமில்லை. டீச்சரின் கம்ப்யூட்டர் ஊமையாகிவிடும்.

"என் மெஷின்ல நல்லா ஓடுது சார். சர்வர்லதான் படுத்துக்குது" என்று மொதல் தப்பிடம் திரையிலிருந்த கடைசிப் பிழை வரியைக் காட்டினேன்.

"அது கடைசி அழுகை குரு. மொதல்ல எங்க அடிபட்டுச்சு? மேல போங்க."

போனேன். திரை திரையாகச் சிவப்பு எழுத்து. அத்தனையையும் அவர் அர்ச்சனை போல ராகத்தோடு படித்தார். எதிர் சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி வைத்தார். ஓரிடத்தில் ராகம் நின்றது.

"இங்க. ஒலி லைப்ரரி இல்லேங்குது. உங்க மெஷின்ல என்னைக்கோ போட்டு வெச்சிருக்கீங்க, அதனால ஓடுது. சர்வர் புதுக்குடித்தனம் குரு. உப்பு வேணும்னு எழுதிக் கொடுத்தாதான் வாங்கும். நீங்க எழுதவேயில்ல."

தேவைப் பட்டியலில் அந்த லைப்ரரியின் பெயரை ஒரு வரியாகச் சேர்த்தேன். பில்டு ஓடும்போது திரையைப் பார்த்தால் உடைந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் வந்த மேனேஜர் வந்த வழியே திரும்பிப் போனார். பில்டு தேறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேக்கேஜை டீச்சருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"பேசுதுப்பா, நல்லாவே பேசுது. மொதல் வார்த்தைய மட்டும் முழுங்கிடுது. பரவால்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

பஸ்ஸுக்காகப் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போயிருந்த மொதல் தப்பு நின்றார். "மொதல் வார்த்தையா?" என்று திரும்பி வந்து போனை வாங்கினார். "வெச்சிடாதீங்க மேடம். எந்த வார்த்தை, சொல்லுங்க." பை கீழே இறங்கியது.

ஜன்னல் வழியே சந்தாபுரா பஸ் போவது தெரிந்தது. அவர் தலை திரும்பவில்லை. கோளாறு சரியாகி, டீச்சர் தன் கம்ப்யூட்டரையே "ரொம்ப நன்றி" என்று முழுசாகச் சொல்லவைத்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பஸ் போயிடுச்சே சார்" என்றேன். "இதுக்கு மொதல் தப்பு எது?"

"உங்க பக்கத்து சீட்ல வந்து உக்காந்தது."

நல்லவேளை, அந்தத் தப்பை அவர் இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை.